லாரியை எந்த வேகத்தில் ஓட்டினால் காசு மிச்சம்? 50 நிமிடத்துக்கு விலை போடும் அல்ஜீப்ரா

ரிஷிவந்தியத்தில் ராத்திரி அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு டாரஸ் லாரி சென்னைக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். தியாகதுருகம் வந்து சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையைப் பிடிக்கும். உளுந்தூர்பேட்டை தாண்டிவிட்டால் சென்னை வரை சுமார் 200 கி.மீ. நாலுவழிச் சாலை. அங்கே டிரைவர் முன்னால் இருக்கும் கேள்வி ஒன்றுதான். 80-ல் விடுவதா, 60-ல் போவதா, 50 போதுமா?

80-ல் நிற்காமல் போனால் இரண்டரை மணி நேரம். 60-ல் 3 மணி 20 நிமிடம். வித்தியாசம் 50 நிமிடம். லோடோடு 28 டன் இருக்கும் ஒரு வண்டியில் அந்த 50 நிமிடத்தை மிச்சம் பிடிக்க, கிட்டத்தட்ட 12 லிட்டர் டீசல் கூடுதலாக எரியும். அதாவது நேரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம். அந்த விலை கட்டுப்படியாகிறதா என்று பார்க்கும் கணக்குதான் இது. பிளஸ் டூ கணிதப் புத்தகத்தில் பெரும, சிறும மதிப்புகள் என்ற பகுதியில் இந்த ரகக் கணக்கைப் போட்டிருப்பீர்கள், பரீட்சை முடிந்ததும் மறந்தும் இருப்பீர்கள். ஆனால் இதற்கு வகையிடல் தேவையில்லை. பத்தாம் வகுப்பு அல்ஜீப்ராவே போதும்.

ஏறுவது ஒன்று, இறங்குவது ஒன்று

லாரி ஒரு கிலோமீட்டர் ஓட ஆகும் செலவைப் பிரித்துப் பார்த்தால், வேகத்தைப் பொறுத்து மாறுவது இரண்டே பங்குதான். வேகம் கூடினால் நேரச் செலவு குறைகிறது. டிரைவர் சம்பளம், வண்டி டியூ எல்லாம் குறைவான மணி நேரத்துக்கு விழுகிறது. அதே வேகம் டீசல் செலவை ஏற்றிவிடுகிறது. சுங்கச்சாவடிக் கட்டணம் இதில் சேராது. விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் சாவடிகளில் நீங்கள் 50-ல் வந்தாலும் 80-ல் வந்தாலும் அதே காசுதான். அதனால் அதைக் கணக்கிலிருந்து தூக்கிவிடலாம்.

டீசல் ஏன் ஏறுகிறது? சமமான சாலையில் லாரி இரண்டு எதிரிகளோடு மோதுகிறது. ஒன்று டயர். எடை ஏற ஏற டயர் நசுங்கி உருளும், அதற்குச் சக்தி வேண்டும். ஆனால் ஒரு கி.மீ. உருள ஆகும் சக்தி வேகத்தால் பெரிதாக மாறுவதில்லை. இன்னொன்று காற்று. ஓடும் பஸ் ஜன்னலில் கையை நீட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வேகம் கூடும்போது காற்று தள்ளுகிற தள்ளு சும்மா கொஞ்சம் கூடுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் ஒரு நொடியில் வழியில் வரும் காற்றும் இரண்டு மடங்கு, அதை ஒதுக்கித் தள்ளும் வேகமும் இரண்டு மடங்கு. ஆக, தடை நான்கு மடங்கு. வேகத்தின் வர்க்கம்.

28 டன் லாரிக்கு இயற்பியல் கணக்கு போட்டால் தோராயமாக இப்படி வரும்: 100 கி.மீ.க்கு டயர் தடைக்கு 17 லிட்டர். 60 கி.மீ. வேகத்தில் காற்றுக்கு 8 லிட்டர். மொத்தம் 25 லிட்டர், அதாவது லிட்டருக்கு 4 கி.மீ. மைலேஜ். டாரஸ் ஓட்டுபவர்களுக்கு இது பழகிய எண்தான். இதே லாரி 80-ல் போனால் டயர் பங்கு அதே 17. காற்றின் பங்கு 14-ஐத் தாண்டிவிடும். மைலேஜ் 3.2-க்கு இறங்கிவிடும்.

கணக்கு சுலபமாக இருக்க டீசல் லிட்டர் 100 ரூபாய் என்று வைப்போம். சற்றுக் குறைவாக இருந்தாலும் விடை பெரிதாக நகராது, காரணம் பின்னால் வருகிறது. வேகத்தை ‘வே’ என்றும், ஒரு மணி நேரத்தின் விலையை ‘ம’ ரூபாய் என்றும் எழுதினால்:

ஒரு கி.மீ. செலவு = 17 + 8 × (வே ÷ 60)² + ம ÷ வே

முதல் எண் டயர், நடுவில் காற்று, கடைசியில் நேரம். இந்த மொத்தம் எந்த வேகத்தில் மிகக் குறைவு என்பதுதான் கேள்வி.

மூன்று எண், ஒரு தந்திரம்

பெருக்கினால் 64 வரும் மூன்று எண்களை எடுங்கள். 1, 8, 8 என்றால் கூட்டுத்தொகை 17. 2, 4, 8 என்றால் 14. 4, 4, 4 என்றால் 12. பெருக்குத்தொகை மாறாமல் இருக்கும்போது, மூன்றும் சமமாக இருந்தால்தான் கூட்டுத்தொகை மிகக் குறைவு. கூட்டுச் சராசரி, பெருக்குச் சராசரி என்று பள்ளியில் படித்தது இதைத்தான்.

இப்போது லாரிக்கு வருவோம். நேரச் செலவை இரண்டு பாதியாக வெட்டுங்கள். நேரத்தின் ஒரு பாதி, இன்னொரு பாதி, காற்று என்று மூன்று எண்கள் கிடைக்கும். இரண்டு பாதியிலும் வேகம் கீழே வகுக்கிறது, காற்றில் வேகத்தின் வர்க்கம் மேலே பெருக்குகிறது. மூன்றையும் பெருக்கினால் வேகம் அடிபட்டுப் போய்விடும், பெருக்குத்தொகை மாறாத எண். அப்படியானால் மூன்றும் சமமாகும் வேகம்தான் மிகச் சிக்கனமான வேகம்.

வேறு மாதிரி சொன்னால், நேரத்துக்குக் கொடுக்கும் காசு, காற்றுக்குக் கொடுக்கும் காசைப்போல சரியாக இரண்டு மடங்காக இருக்க வேண்டும். நேரத்தின் பங்கு அதற்கு மேல் இருந்தால் வண்டி மெதுவாகப் போகிறது, குறைந்தால் அதிவேகமாகப் போகிறது. சமன்பாட்டைச் சுருக்கினால் இந்த லாரிக்கு வருவது:

வே³ = 225 × ம

ஒரு மணி நேரத்தின் விலையை 225-ஆல் பெருக்கி, கனமூலம் எடுத்தால் வேகம். போன் கால்குலேட்டரில் பத்து விநாடி வேலை.

மணி நேரத்தின் விலை 500 ரூபாய் என்றால் விடை 48 கி.மீ. அந்த வேகத்தில் காற்றுக்குக் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 18 காசு, நேரத்துக்கு 10 ரூபாய் 36 காசு. இரண்டு மடங்கு. பெட்ரோலியச் சிக்கனத்துக்கான அமைப்பான பி.சி.ஆர்.ஏ. வாகன ஓட்டிகளுக்கு நீண்ட காலமாகச் சொல்லிவரும் 45–55 கி.மீ. அளவுக்குள் இதுவும் விழுகிறது.

அதற்காக ஸ்பீடோமீட்டர் முள்ளை 48-ல் ஆணி அடித்து வைக்க வேண்டியதில்லை. அதே 500 ரூபாய் கணக்கில் ஒரு கி.மீ.க்கு ஆகும் செலவைப் பாருங்கள்:

40-ல் 33.06 ரூபாய்
50-ல் 32.56 ரூபாய்
60-ல் 33.33 ரூபாய்
70-ல் 35.03 ரூபாய்
80-ல் 37.47 ரூபாய்

40-க்கும் 60-க்கும் நடுவில் எங்கே இருந்தாலும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட வித்தியாசம் வராது. பள்ளத்தின் அடி அகலமானது. ஆனால் 60-ஐத் தாண்டியதும் சுவர் செங்குத்தாக ஏறுகிறது. 50-ஐ விட்டு 80-ல் போனால் அந்த 200 கி.மீ.க்கு 980 ரூபாய்க்கு மேல் நஷ்டம். இது மிச்சமான நேரத்துக்குரிய காசைக் கழித்த பிறகு வரும் நஷ்டம்.

காலி வண்டிக்கும் அதே வேகமா?

வே³ = 225 × ம என்ற விடையை மறுபடி பாருங்கள். டயருக்கான அந்த 17 அதில் எங்கும் இல்லை. அதாவது லோடின் எடை சிக்கன வேகத்தை மாற்றுவதே இல்லை!

‘காலி வண்டிதானே, விரட்டினால் டீசல் அவ்வளவா குடிக்காது’ என்பது ரோட்டில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. மொத்த டீசல் குறைவு என்பது உண்மைதான், டயர் தடை குறைந்துவிடுகிறது. ஆனால் 60-லிருந்து 80-க்கு ஏற்றுவதால் கூடுதலாகப் போகும் டீசல் காற்றுக்காகப் போவது. காற்றுக்கு உள்ளே மூட்டை இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் காலியாகத் திரும்பும் லாரியும் 200 கி.மீ.க்கு அதே 12 லிட்டரைக் கூடுதலாக எரிக்கும். வாடகை வராத நடையில் அந்த 12 லிட்டர் இன்னும் வலிக்கும்.

எடையைவிட முக்கியம் லோடின் உருவம். பக்கவாட்டில் பிதுங்கி நிற்கும் கரும்பு, மேலே மேலே அடுக்கிய வைக்கோல், காற்றில் படபடக்கும் தார்ப்பாய் எல்லாம் காற்றுத் தடையை ஏற்றும். காற்றின் பங்கு பாதி கூடினால், அதாவது 8 என்பது 12 ஆனால், 48 கி.மீ. என்ற விடை 42-க்கு இறங்கும்.

டீசல் விலையும் இப்படித்தான். டீசல் விலை நிர்ணயத்தை 2014 அக்டோபரில் மத்திய அரசு சந்தைக்கு விட்டது. 2021 அக்டோபரில் சென்னையில் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. இவ்வளவு பெரிய ஏற்றத்துக்கு லாரியின் சிக்கன வேகம் எவ்வளவு மாறும்? கனமூலம் அதை அமுக்கிவிடும். டீசல் 50 சதவீதம் ஏறினால் வேகம் சுமார் 13 சதவீதம் குறைந்தால் போதும். விலையே இரண்டு மடங்கானாலும் 21 சதவீதம்தான். கணக்குக்கு 100 ரூபாய் என்று முழுதாக எடுத்ததால் பாதகமில்லை என்று முதலில் சொன்னது இதனால்தான்.

டீசல் நெருக்கடி வந்தால் வேகத்தில் கை வைப்பது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கா 1974-ல் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கி.மீ. என்று உச்சவேகம் வைத்தது. 2008-க்குப் பிறகு சரக்குக் குறைந்து எரிபொருள் கையைக் கடித்தபோது, பெரிய கன்டெய்னர் கப்பல்கள் வேண்டுமென்றே மெதுவாகப் போக ஆரம்பித்தன. சரக்கு இல்லாத காலத்தில் கப்பலின் ஒரு மணி நேரத்துக்கு மதிப்புக் குறைவு. சமன்பாட்டின் மொழியில், ம இறங்கியது, வேகமும் இறங்கியது.

அந்த ‘ம’ எவ்வளவு?

இதுவரை 500 ரூபாய் என்று லேசாகச் சொல்லிவிட்டோம். உண்மையில் மொத்தக் கணக்கும் தொங்குவது இந்த ஓர் எண்ணில்தான், இதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள்.

மாதம் டியூ 60,000, இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. எல்லாம் சேர்த்து 12,000, ஆள் சம்பளம் 28,000 என்று ஓர் உதாரணம் எடுப்போம். மொத்தம் ஒரு லட்சம். மாதம் 200 மணி நேரம் சக்கரம் சுற்றினால் மணிக்கு 500. சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் மிச்சம் பிடித்த ஒரு மணி நேரம் இன்னொரு நடையாக மாறினால்தான் அந்த மணிக்கு 500 ரூபாய் மதிப்பு. சென்னையில் விடியற்காலை இரண்டுக்குப் போய்ச் சேர்ந்து, குடோன் திறக்கும்வரை எட்டு மணிக்குக் காத்திருந்தால் அந்த மணி நேரத்தின் விலை பூஜ்ஜியம். டியூ வண்டி நின்றாலும் கட்டணும், ஓடினாலும் கட்டணும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இதற்கு நல்ல உதாரணம் கரும்பு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அரவைக் காலத்தில் ஆலை வாசலில் வரிசை நீண்டுவிட்டால், கரும்பு லாரி வழியில் அரை மணி நேரம் மிச்சம் பிடித்து என்ன பயன்? வரிசையில் நான்கு வண்டிக்கு முன்னால் நிற்கலாம், அவ்வளவே. (டோக்கன் கொடுத்துவிட்டால் அதுவும் இல்லை.) அங்கே வேகத்தைவிட வரிசையைக் குறைப்பதுதான் காசு.

மறுபக்கம், லோடு கையில் காத்திருக்கிறது, ஒவ்வொரு மணியும் நிகரமாக 1,000 ரூபாய் சம்பாதிக்கும் என்றால் விடை 61 கி.மீ. 80-ல் ஓட்டுவது நியாயமாக வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் சுமார் 2,280 ரூபாய் பெறுமானமாக இருக்க வேண்டும். கோயம்பேடு சந்தைக்கு விடியலுக்குள் சேர வேண்டிய காய்கறி வண்டிக்குச் சில நாள் அப்படி இருக்கலாம். அப்போதும், ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்புவது 80-ல் விரட்டுவதைவிட மலிவு.

எல்லா இடத்துக்கும் இந்தச் சூத்திரம் பொருந்தாது. 40-க்குக் கீழே கியர் இறங்கும், இன்ஜின் ஆர்பிஎம் பச்சைப் பகுதியை விட்டு விலகும், டீசல் கணக்கு வேறு. கச்சிராயப்பாளையத்திலிருந்து கல்வராயன் மலை வெள்ளிமலைக்கு ஏறும்போது காற்றைவிட ஏற்றம்தான் டீசலைக் குடிக்கும். மரவள்ளி ஏற்றி இறங்கும் வண்டிக்குச் சிக்கன வேகத்தைவிட பிரேக்குதான் கவலை. ஊருக்குள் நின்று நின்று போனாலும் அப்படியே. 80-ல் வரும் 28 டன் லாரியை ஒருமுறை பிரேக் அடித்து நிறுத்தினால், அந்த வேகத்தை மறுபடி எட்டுவதற்கே அரை லிட்டர் டீசல் வேண்டும். 60-லிருந்து நிறுத்தினால் 300 மில்லி. ஒவ்வொரு நிறுத்தமும் 50 ரூபாயா, 30 ரூபாயா என்பதுதான் வித்தியாசம்.

ஓனர் ஒரு பாதி, டிரைவர் ஒரு பாதி

‘மைலேஜ் வரமாட்டேங்குது’ என்பார் ஓனர். ‘நேரத்துக்குப் போகணுமாண்ணே, வேணாமா?’ என்பார் டிரைவர். லாரி செட்டில் பழைய சண்டை இது. சமன்பாட்டை வைத்துப் பார்த்தால் இருவர் பேச்சும் சரிதான், ஆளுக்கு ஒரு பங்கை மட்டும் பார்க்கிறார்கள்.

டிரைவருக்கு நடைக்கு இவ்வளவு என்று படி பேசியிருந்தால், டீசல் காசு அவர் பையிலிருந்து போவதில்லை. அவருடைய சமன்பாட்டில் காற்று என்ற பங்கே கிடையாது, நேரம் மட்டும்தான். சீக்கிரம் முடித்தால் அடுத்த நடை, இல்லாவிட்டால் வீட்டில் ஒரு தூக்கம். அவருக்குச் சிக்கன வேகம் என்று ஒன்று இல்லை, எவ்வளவு முடியுமோ அவ்வளவு. ஓனருக்கோ நேர் எதிர். நடைக்கூலி பேசிவிட்டதால் டிரைவரின் கூடுதல் மணி நேரத்துக்கு அவர் காசு கொடுப்பதில்லை. அவர் சமன்பாட்டில் டீசல் பெரிது, நேரம் சின்னது. 40-ல் போனால் அவருக்குச் சந்தோஷம்.

நடுவில் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. 2015 அக்டோபர் முதல் சரக்கு வாகனங்களுக்கு 80 கி.மீ.க்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும் என்றது மத்திய அரசு. 2018 ஏப்ரல் அறிவிப்பின்படி நடுவே தடுப்புள்ள நாலுவழிச் சாலையில் சரக்கு வாகனத்தின் உச்சவேகம் 80, சாதாரணச் சாலையில் 60. ரிஷிவந்தியத்திலிருந்து தியாகதுருகம் வரும் சாலைக்குப் பொருந்துவது இந்த 60. மணி நேரத்துக்கும் சட்டம் உண்டு. 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. 5 மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக் கூடாது என்றும் சொன்னது. நடைக்கூலி முறையில் இந்த மணிக்கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை. தூக்கத்தை விற்று வாங்கிய வேகம் எந்த டீசல் பில்லிலும் வராது. 60-ஐவிட 80-ல் மோதினால் மோதலின் சக்தி 78 சதவீதம் அதிகம், அதுவும் வேகத்தின் வர்க்கம்தான்.

சண்டையைத் தீர்க்க அதே சமன்பாட்டில் இடம் இருக்கிறது. உளுந்தூர்பேட்டை–சென்னை 200 கி.மீ.யை 80-க்குப் பதில் 60-ல் ஓட்டினால் ஓனருக்கு மிச்சம் சுமார் 1,240 ரூபாய் டீசல். டிரைவருக்குப் போவது 50 நிமிடம். ஓனர் அதில் பாதியை, 620 ரூபாயை, டிரைவரிடம் கொடுத்தாலும் ஓனருக்கு லாபம். 50 நிமிடத்துக்கு 620 என்பது மணிக்கு 744 ரூபாய் கணக்கு, மேலே உதாரணத்துக்கு எடுத்த சம்பளத்தில் மணிக்கு வருவது 140 ரூபாய்தான். ‘மெதுவா ஓட்டு’ என்று சொல்லிவிட்டு அந்த மெதுவுக்குக் காசு கொடுக்காமல் இருந்தால்தான் யாரும் கேட்பதில்லை.

உங்கள் வண்டிக்கு எண் கண்டுபிடிக்க

17, 8 என்பதெல்லாம் ஒரு மாதிரி லாரிக்கான எண்கள். வண்டிக்கு வண்டி மாறும். சொந்த வண்டிக்குக் கண்டுபிடிக்க இரண்டு நடை போதும்: இரண்டு தெரியாத எண்கள், இரண்டு சமன்பாடுகள்.

டேங்கை முழுக்க நிரப்பி, ஒரே சாலையில், ஒரே லோடோடு, டயர் காற்று சரிபார்த்து, ஒரு நடையை 50-லும் இன்னொன்றை 70-லும் ஓட்டுங்கள். முடிந்ததும் அதே பங்கில் மறுபடி நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று எழுதுங்கள். இரண்டையும் 100 கி.மீ.க்கு எவ்வளவு என்று மாற்றுங்கள். டயர் பங்கு இரண்டு நடைக்கும் பொது, எனவே கழித்தால் அது போய்விடும். மிஞ்சும் வித்தியாசம் காற்றுக்கானது மட்டும். அதை ஒன்றரையால் பெருக்கினால் 60 கி.மீ. வேகத்தில் காற்றுக்குப் போகும் டீசல் கிடைக்கும். (70-ன் வர்க்கம் 4,900, 50-ன் வர்க்கம் 2,500, வித்தியாசம் 2,400. 60-ன் வர்க்கமான 3,600 அதைப்போல ஒன்றரை மடங்கு.) நம் உதாரண லாரியில் 22.6 லிட்டர், 27.9 லிட்டர், வித்தியாசம் 5.3, ஒன்றரையால் பெருக்கினால் 8.

அந்த லிட்டரை உங்கள் ஊர் டீசல் விலையால் பெருக்கி, கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்று மாற்றிக்கொள்ளுங்கள். 1,800-ஐ அந்த எண்ணால் வகுத்து, ஒரு மணி நேரத்தின் விலையால் பெருக்கி, கனமூலம் எடுத்தால் உங்கள் வண்டியின் வேகம். கரும்பு பிதுங்கிய லோடுக்கு அந்த எண் 12 என்று வந்தால், 1,800-ஐ 12-ஆல் வகுக்க 150. மணிக்கு 500 என்றால் 75,000. அதன் கனமூலம் 42.